இரு பொருளிலும் ஆசிரியர்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், பிரான்சில் பெண்களுக்கு எப்போது வாக்குரிமை கிடைத்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1944 ஏப்ரல் 21 அன்று அல்ஜியர்ஸ் நகரிலிருந்து பிறப்பிக்கப்பட்ட ஆணையின் வழியாகக் கிடைத்தது என்றும், அதற்கு 95 ஆண்டுகளுக்கு முன்பே துணி தைத்துப் பிழைத்துப் பின்னர் ஆசிரியையான ஒருவர் பாரிஸில் தேர்தலில் நின்றார் என்றும் பதில் எழுதியிருந்தேன். பின்பகுதியிலிருந்த அந்த ஒற்றை வரியைப் பற்றியே பல கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

தேர்தலில் நின்றார் என்று எழுதிய நீங்கள் அந்த ஆசிரியையின் பெயரைக்கூடச் சொல்லவில்லையே, ஏன்?
– வாசகி, கும்பகோணம்

சொல்லாமல் விட்டது என் பிழை. தம் பெயரைத் தம்முடையதாகவே வைத்துக்கொள்ள வாழ்நாளெல்லாம் பாடுபட்ட ஒருவர் விஷயத்தில் அது சிறிய பிழையும் அன்று. அவர் பெயர் ழான் தெரோயின். 1805 டிசம்பர் 31 அன்று பாரிஸில் பிறந்தார். வெள்ளைத் துணிகளும் உள்ளாடைகளும் தைக்கும் தையல் தொழிலாளியாக இளமையைக் கழித்தார். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்தது மிகக் குறைவு. படித்ததெல்லாம் தாமாகத் தேடிப் படித்ததே.

1830-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பாரிஸில் சேன் சிமோன் என்ற சிந்தனையாளரின் சீடர்கள் ஓர் இயக்கமாகத் திரண்டிருந்தார்கள். பிறப்பினால் வரும் சலுகைகள் ஒழிய வேண்டும், உழைப்பவருக்கே மதிப்பு உண்டு, பெண்ணும் ஆணும் சமம் என்றெல்லாம் அவர்கள் பேசியதால், தையற்காரிகளும் சலவைத் தொழிலாளிகளும் அவர்களுடைய கூட்டங்களுக்குப் பெருமளவில் வந்தார்கள். அவர்களுள் ஒருவராக 1831-இல் சேர்ந்த தெரோயின், இயக்க வழக்கப்படி தம் கொள்கை அறிக்கையை எழுதிக் கொடுத்தார். அதில் இயக்கத்தைப் பாராட்டியதைவிட அவர் கேள்வி கேட்டதே அதிகம். திருமணமான பெண் கணவன் பெயரைச் சூடிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி அவர் எழுதிய உவமை இன்றைக்கும் சுடுகிறது: அடிமையின் நெற்றியில், அவன் இன்னாருடைய உடைமை என்று எல்லோரும் அறிந்துகொள்ள, எசமானுடைய பெயரின் முதலெழுத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் பொறிப்பதற்கு அதை ஒப்பிட்டார். சூடு போட்ட மாடுகளைப் பார்த்திருக்கும் நம் ஊர் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எழுதியபடியே நடந்தும் காட்டினார். 1832-இல் அதே இயக்கத்தைச் சேர்ந்த தெரோஷ் என்பவரை மணந்தபோது தேவாலயச் சடங்கு இல்லாமல் பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டு, பொதுவாழ்வில் தெரோயின் என்ற தம் பெயரையே வைத்துக்கொண்டார். அதே ஆண்டு அந்த வட்டத்துத் தையற்காரிகள் சிலர் சேர்ந்து, பெண்களே எழுதி வெளியிடும் ஒரு சிற்றிதழைத் தொடங்கினார்கள். அதில் எழுதியவர்கள் தந்தையின் பெயரையும் கணவனின் பெயரையும் விலக்கிவிட்டு, தமக்கென இடப்பட்ட பெயரை மட்டும் கையொப்பமாக இட்டார்கள். தெரோயினின் பிற்கால இதழ்ப் பணி வேர்விட்ட மண் அது.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தையல் தொழிலாளி ஒருவர் அந்தக் காலத்தில் ஆசிரியையாவது எளிதாக இருந்ததா? பத்திரிகைக்கும் பள்ளிக்கும் இடையே அவர் எதைத் தம் தொழிலாக எண்ணினார்?
– வாசகி, திருநெல்வேலி

எளிதாக இருக்கவில்லை, அம்மா. ஆசிரியர் சான்றிதழுக்கான தேர்வில் அவர் பலமுறை தவறிய பிறகே தேறினார். ஒழுங்கான பள்ளிப் படிப்பு இல்லாதவர், மூன்று குழந்தைகளைப் பெற்ற தாய், பகலெல்லாம் ஊசி பிடிப்பவர் என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் தவறியதில் எனக்கு வியப்பில்லை. மீண்டும் மீண்டும் போய் அமர்ந்தாரே, அதுதான் வியப்பு. தேறியபின் பாரிஸில் ஏழைக் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியை நடத்தினார்.

அன்றைய சட்டங்களையும் நீங்கள் பார்க்க வேண்டும். 1833-இல் கல்வி அமைச்சர் கிசோ கொண்டுவந்த சட்டம் ஒவ்வோர் ஊரும் ஒரு தொடக்கப் பள்ளியை நடத்தக் கட்டாயப்படுத்தியது, ஆனால் அந்தக் கட்டாயம் ஆண்பிள்ளைகளின் பள்ளிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பெண்பிள்ளைகளின் பள்ளிகளைப் பற்றி 1836-இல் ஓர் ஆணை வந்தது, அதிலும் கட்டாயம் இல்லை. 1850-ஆம் ஆண்டின் ஃபலூ சட்டம்தான் 800 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்றது. அப்போதும், துறவறச் சபையைச் சேர்ந்த பெண்களுக்குத் தலைவியின் கடிதம் ஒன்றே தகுதிச் சான்றாகப் போதும் என்றிருக்க, தெரோயினைப் போலத் துறவறம் பூணாத பெண்கள் தேர்வெழுதித் தேறியாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அமைக்க வேண்டும் என்ற சட்டம் 1879-இல்தான் பிறந்தது. ஆகவே, தெரோயின் தேர்வுக்குத் தயாரான காலத்தில் அவரைப் போன்ற பெண்ணைத் தயார்செய்யும் கடமை எந்த அரசு நிறுவனத்துக்கும் இருக்கவில்லை.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்குத் தமிழே விடை வைத்திருக்கிறது. பள்ளியில் கற்பிப்பவரையும் ஆசிரியர் என்கிறோம், பத்திரிகையை நடத்துபவரையும் ஆசிரியர் என்கிறோம். பிரெஞ்சு மொழியில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு, ஆனால் தெரோயின் அவற்றை வெவ்வேறு தொழில்களாகச் செய்யவில்லை. பெண்களுக்குச் சமூக உரிமைகளைக் கற்பிக்கும் பாடத் தொடரைச் சிறு நூலாக 1848-இல் வெளியிட்டார். பின்னர் அவர் நடத்திய இதழ், பெண்கள் ஒருவருக்கொருவர் கல்வி புகட்டிக்கொள்வதற்காக ஏற்பட்ட சங்கத்தின் வெளியீடாகவே வந்தது. வகுப்பறைக்குள் வர முடியாத வயதில் இருந்த பெண்களுக்கு அவர் அச்சுத்தாளில் வகுப்பெடுத்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

1848-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது பெண்கள் நாளிதழே நடத்தினார்கள் என்று படித்தேன். உண்மையா? அது ஏன் நிலைக்கவில்லை?
– வாசகர், ஈரோடு

உண்மை. 1848 பிப்ரவரியில் மன்னர் லூயி ஃபிலிப் ஓடிப்போக, குடியரசு அறிவிக்கப்பட்டது. மார்ச் 5 அன்று தற்காலிக அரசு 'அனைவருக்கும் வாக்குரிமை' என்று ஆணையிட்டது. ஏறத்தாழ 2.5 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை ஒரே நாளில் 90 லட்சத்தைத் தாண்டியது. அந்த 'அனைவருள்' ஒரு பெண்கூட இல்லை. பெண்களின் சார்பாகத் தூது சென்றவர்களிடம், இதை இனிக் கூடப்போகும் மன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பாரிஸ் மேயர் மர்ராஸ்ட் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தானே அவர்கள் கேட்கப் போனார்கள்!

மார்ச் 20 அன்று யூஜெனி நிபொயே என்ற எழுத்தாளர் 'பெண்களின் குரல்' என்ற பொருள்படும் நாளிதழைத் தொடங்கினார். தெரோயினும், முன்பு தையற்காரிகளின் சிற்றிதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான தெசிரே கேயும் அதில் முன்னணியில் நின்று எழுதினார்கள். தையற்கூடங்களில் கூலி, பெண்களுக்கு அரசே வேலை தரும் தேசியப் பட்டறைகள், பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள், மணவிலக்கு உரிமை, பெண்களுக்கான மாலை வகுப்புகள் ஆகியவை அதன் பேச்சாக இருந்தன. வாக்குரிமையும் கூலியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விஷயங்கள் என்பதை அந்த இதழ் தெளிவாக உணர்ந்திருந்தது.

ஜூன் இறுதியில் பாரிஸ் தொழிலாளர்களின் எழுச்சியைப் படை கொண்டு அடக்கினார்கள். நாளிதழ் அதற்குச் சற்று முன்பே நின்றுபோயிருந்தது. ஜூலை 28 அன்று வந்த சட்டம், பெண்களும் வயது வராதவர்களும் அரசியல் கழகங்களில் உறுப்பினராகவோ பார்வையாளராகவோ இருக்கக் கூடாது என்றது. தெரோயினும் தெசிரே கேயும் அந்தக் கோடையில் தொடங்கிய அடுத்த இதழின் பெயரில் 'அரசியல்' என்ற சொல் இருந்தது. பெண்களுக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்று ஆகிவிட்டபின் அந்தச் சொல்லை வைத்திருக்க முடியாமல் போகவே, 'பெண்களின் கருத்து' என்று பெயர் மாற்றினார்கள். அரசியல் என்று சொல்லக் கூடாதவர்கள் கருத்து என்று சொல்லிக்கொண்டு அதே அரசியலை எழுதினார்கள். 1849 ஜனவரி முதல் தெரோயின் அதனை மாத இதழாக நடத்தினார். அரசு கேட்ட ஜாமீன் தொகையைக் கட்ட வழியின்றி அதே ஆண்டு ஆகஸ்டு இதழோடு நிறுத்தினார். ஜாமீன் கேட்டுப் பத்திரிகையின் கழுத்தை நெரிக்கும் முறையை நம் முன்னோர்களும் நன்றாக அறிந்திருந்தார்கள்.

புகழ்பெற்ற பெண் எழுத்தாளர் ஜார்ஜ் ஸாண்ட் அப்போது பாரிஸில் இருந்தாரே, அவர் இந்தப் பெண்களுக்குத் துணை நிற்கவில்லையா?
– வாசகி, மதுரை

நிற்கவில்லை. 1848 ஏப்ரல் 6 அன்று 'பெண்களின் குரல்' அவரையே மன்றத்துக்கு வேட்பாளராக முன்மொழிந்தது. இரண்டே நாளில் அவர் வேறொரு நாளிதழில், அந்தப் பெண்களைத் தமக்குத் தெரியாது என்றும், அவர்களுடைய முயற்சியோடு தமக்குத் தொடர்பில்லை என்றும் கடுமையான சொற்களில் மறுப்பு வெளியிட்டார். திருமணச் சட்டத்தில் பெண் அடிமையாக இருக்கும் வரை அவளால் சுதந்திரமாக வாக்களிக்க முடியாது, ஆகவே குடும்பச் சட்டத்தில் சமத்துவம் முதலில், அரசியல் உரிமை பிறகு என்பது அவருடைய வாதம்.

இதைப் பொறாமை என்றோ செருக்கு என்றோ ஒதுக்கிவிட முடியாது. வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பச் சட்டத்தை மாற்றப் போவது யார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. சட்டம் இயற்றும் மன்றத்தில் பெண் நுழையாமல் பெண்ணின் சட்டம் மாறாது என்று தெரோயின் கண்டார். இவ்விருவருள் தெரோயினுடைய கணிப்பே சரி என்பது என் கருத்து. திருமணமான பெண் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற நெப்போலியன் காலத்துச் சட்ட விதி, பெண்கள் இல்லாத மன்றங்களின் கீழ் 1938 வரை உயிரோடிருந்தது.

வாக்குரிமையே இல்லாத ஒருவர் வேட்பாளராவது எப்படி? சட்டம் படிக்கும் எனக்கு இது புரியவில்லை.
– வாசகர், சென்னை

சட்டப்படி ஆக முடியாது. அதை அறிந்தேதான் நின்றார். 1849 மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஏப்ரலில் அவர் பாரிஸ் நகரம் அடங்கிய சேன் மாவட்ட வாக்காளர்களுக்கு ஒரு வேண்டுகோளை அச்சிட்டு வெளியிட்டார். முதலாளிகள் மட்டுமே அமர்ந்திருக்கும் மன்றம் தொழிலாளியின் நலனை எப்படி முடிவு செய்ய முடியாதோ, அப்படியே ஆண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் மன்றம் ஆணும் பெண்ணும் சேர்ந்த சமுதாயத்துக்குச் சட்டம் செய்யத் தகுதியற்றது என்பது அதன் சாரம். பெண் என்பதற்காகத் தமக்குச் சலுகை கேட்காமல், குடியரசு தன் வாயால் சொன்ன சமத்துவத்தை முழுமையாக்கும்படி அதனிடமே கேட்டார். சட்டம் படிக்கும் உங்களுக்கு இந்த வாதத்தின் கூர்மை என்னைவிட நன்றாகத் தெரியும்.

தேர்தல் கூட்டங்களுக்கு நேரில் போனார். சில இடங்களில் பேச விட்டார்கள். சில இடங்களில் அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று தலைமை வகித்தவர்கள் தடுத்தார்கள். கேலிச் சிரிப்பும் கூச்சலும் பல கூட்டங்களில் அவரை எதிர்கொண்டன. இவையெல்லாம் எதிரிகளின் கூட்டங்கள் அல்ல, உழைக்கும் மக்களுக்காகப் பேசிய சனநாயகவாதிகளின், சோசலிசவாதிகளின் கூட்டங்கள்.

அவர்களுக்குள் அன்று பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த ப்ரூதோன் தம் நாளிதழில் தெரோயினின் முயற்சியைக் கண்டித்து எழுதினார். அரசியலில் ஆணும் பெண்ணும் சமம் என்பதை அறிவும் மனச்சான்றும் இயற்கையும் ஏற்காது என்றார். ஆண் ஒருவன் குழந்தைக்குப் பால் கொடுப்பது எப்படியோ அப்படித்தான் பெண் சட்டம் இயற்றுவதும் என்பது அவருடைய ஒப்புமை. தெரோயின் அந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டார். பால் கொடுப்பதற்கு இன்ன உறுப்பு வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டம் இயற்றுவதற்கு எந்த உறுப்பு வேண்டும் என்று தாங்கள் காட்டிவிட்டால் வாதத்தில் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன் என்று திருப்பிக் கேட்டார்.

இந்தக் கேள்வியைப் பலர் ஒரு சாமர்த்தியமான பதிலடியாக மட்டுமே எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நல்ல ஆசிரியை தெரிகிறார். மாணவன் தவறான ஒப்புமை சொல்லும்போது அதட்டி உட்காரவைக்காமல், 'சரி, அந்த ஒப்புமையை முடிவு வரை கொண்டுபோய்க் காட்டு' என்று கரும்பலகையை நோக்கி அனுப்பும் ஆசிரியையின் பழக்கம் அது.

பழைய பிரெஞ்சுக் கேலிச்சித்திரங்களைச் சேகரிப்பவன் நான். தோமியேயின் படம் ஒன்றில் இவர் பெயர் வருகிறது என்பது சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

சரிதான். தோமியே 1849-இல் 'ஷரிவாரி' இதழுக்காக 'சோசலிசப் பெண்கள்' என்ற வரிசையில் பத்துக் கல்லச்சுப் படங்கள் வரைந்தார். ஒன்றில் மனைவி கணவனை வீட்டைவிட்டு வெளியே தள்ளுகிறாள். அந்த உரிமை தனக்கு உண்டென்று நேற்றிரவு 'ழான் தெரூயின்' மெய்ப்பித்துவிட்டதாகவும், வேண்டுமானால் அவரிடமே போய்க் கேட்டுக்கொள்ளும்படியும் படத்தின் கீழ் அவள் சொல்கிறாள். பெயரின் எழுத்தைக்கூடச் சரியாகப் போடவில்லை. தோமியே மாபெரும் கலைஞர், மன்னராட்சியைத் தாக்கி வரைந்ததற்காகச் சிறை சென்றவர். அவருடைய கோடுகளை நானும் விரும்புகிறேன். அந்தப் பத்துப் படங்களை மட்டும் என்னால் மகிழ்ச்சியோடு பார்க்க முடிவதில்லை.

1848-ஆம் ஆண்டு வாக்குரிமை எங்கள் ஊருக்கும் வந்ததா?
– வாசகர், புதுச்சேரி

வந்தது. பிரெஞ்சு இந்தியாவுக்கும் 1848-இல் பாரிஸ் மன்றத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. பின்னர் அந்த இடம் பறிக்கப்பட்டு, 1871-இல் திரும்பக் கிடைத்தது. ஆனால் பிரான்சைப் போலவே உங்கள் ஊரிலும் அது ஆண்களின் உரிமையாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக்காலம் வரை அந்த நிலை மாறவில்லை.

தெரோயின் சிறை சென்றது வாக்குரிமைக்காகவா? வழக்கில் அவர் ஓர் உண்மையை மறைத்தார் என்று எங்கோ படித்தேன். கொள்கைப் பிடிப்புள்ளவர் அப்படிச் செய்யலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

வாக்குரிமைக்காக அல்ல. அவர் சிறை சென்றது, அவருடைய பணிகளிலேயே மிகப் பெரியதென்று நான் கருதும் ஒன்றுக்காக.

அந்நாளில் பாரிஸில் தையற்காரர், சமையற்காரர், நாற்காலி செய்வோர், சலவை செய்வோர் என்று தொழில்வாரியாகக் கூட்டுறவுச் சங்கங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்திருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே முதலின்றித் தவித்தது. இவற்றையெல்லாம் ஒரே கூட்டமைப்பாக இணைத்தால், ஒரு சங்கம் செய்வதை மற்றொரு சங்கம் வாங்கிக்கொள்ளலாம், வட்டியில்லாமல் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்துக்கொள்ளலாம், பணத்துக்குப் பதிலாகச் சங்கச் சீட்டுகளையே புழங்கலாம், தள்ளாதவர்களையும் குழந்தைகளையும் பொதுவில் காப்பாற்றலாம் என்று தெரோயின் திட்டம் வகுத்தார். தொழிலாளர் அனைவரும் ஒன்றுபட வேண்டும் என்று 1843-இல் எழுதிவிட்டு மறு ஆண்டே மறைந்த ஃப்ளோரா திரிஸ்தானின் எண்ணம் இத்திட்டத்துக்கு முன்னோடி. தம் இதழின் கடைசி இதழிலேயே தெரோயின் இதை வெளியிட்டார். 1849 அக்டோபரில் 104 சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி ஏற்றுக்கொண்டார்கள். எதிர்ப்பையும் சிரிப்பையுமே கண்ட ஒரு பெண்ணின் திட்டத்தை நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் சங்கங்கள் தமதாக்கிக்கொண்டன என்பதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள்.

1850 மே 29 அன்று மிஷேல் லெ கோந்த் தெருவில் நடந்த கூட்டத்துக்குள் காவலர்கள் புகுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். அவர்களுள் 9 பேர் பெண்கள். தெரோயினோடு போலின் ரோலானும் இருந்தார். அவரும் ஆசிரியை, அவரும் இதழாளர். புஸ்ஸாக் என்ற சிற்றூரில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தபோது 1848-இல் வாக்களிக்கச் சென்று மறுக்கப்பட்டவர். ஆண் பெண் இருபாலர்க்கும் ஒரே கல்வி, பிறப்பு முதல் 18 வயது வரை, புத்தகப் படிப்போடு கைத்தொழிலும் சேர்த்து, என்று வேறு இரு ஆசிரியர்களுடன் சேர்ந்து பாடத்திட்டம் வகுத்து வெளியிட்டவர்.

வழக்கு நவம்பரில் நடந்தது. அரசைக் கவிழ்க்க இரகசியமாகச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்கு முன்பே, உடன் குற்றம் சாட்டப்பட்டவர்களின் தரப்பிலிருந்து தெரோயினிடம் ஒரு வேண்டுகோள் வந்தது. இந்தப் பெரிய திட்டம் ஒரு பெண்ணின் மூளையில் உதித்தது என்று தெரிந்தால் சங்கங்களின் மதிப்புக் குறையும், ஆகவே திட்டம் தம்முடையது என்று நீதிமன்றத்தில் சொல்லாதிருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார். திட்டத்தை உருவாக்கியவர் என்ற உரிமையை நீதிமன்றத்தில் அவர் கோரவே இல்லை. நடந்ததைப் பின்னாளில் அவரே எழுதினார்.

கொள்கைப் பிடிப்புள்ளவர் இதைச் செய்யலாமா என்கிறீர்கள். அவர் விட்டுக்கொடுத்தது தம் பெயருக்குரிய பெருமையை மட்டுமே என்பதைக் கவனியுங்கள். அதே நீதிமன்றத்தில், ஆண்கள் மட்டுமே இயற்றிய சட்டத்தின்படி ஆண்கள் மட்டுமே தம்மை விசாரிப்பதை ஏற்க முடியாது என்று எதிர்ப்புத் தெரிவித்துவிட்டே அவர் பதில் சொல்லத் தொடங்கினார். கணவன் பெயரை ஏன் சூடவில்லை என்று நீதிபதி கேட்டபோதும் தம் செயல்களுக்குக் கணவரைப் பொறுப்பாளியாக்க விரும்பவில்லை என்றும், இன்றைய திருமணம் பெண்ணுக்கு அடிமை நிலை என்றும் கூசாமல் சொன்னார். திட்டம் பிழைக்கத் தம் பெயர் தடையென்றால் பெயர் போகட்டும் என்று எண்ணியிருக்கிறார். அவர் மீது எனக்குக் குறையில்லை. அதை அவரிடம் கேட்கத் துணிந்த தோழர்கள் மீதுதான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு வருத்தம். சமத்துவத்துக்காக ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் அவர்கள்.

சிறைக்குப் பின் என்ன ஆனார்? தொடர்ந்து எழுதினாரா, கற்பித்தாரா?
– வாசகி, புதுக்கோட்டை

இரண்டையும் செய்தார், சிறையிலிருந்தே. ஆறு மாதத் தண்டனையைப் பாரிஸின் சேன் லசார் பெண்கள் சிறையில் கழித்தார். 1851 ஜூன் 15 அன்று அங்கிருந்து அவரும் போலின் ரோலானும் அமெரிக்கப் பெண்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அமெரிக்கப் பெண்களின் உரிமை முழக்கம் தங்கள் சிறைச் சுவர்களுக்குள்ளும் கேட்டது என்று தொடங்கும் அக்கடிதம், ஆணும் பெண்ணுமான உழைப்பாளிகள் ஒன்றுபட்டுத் தொழிலைத் தாங்களே அமைத்துக்கொள்வதன் வழியாகத்தான் பெண்ணின் சமத்துவம் முழுமையாகும் என்று வாதிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அதைப் படித்தார்கள். கூட்டம் கூடியதற்காகச் சிறைப்பட்டவர்களின் சொல் கடல் கடந்து ஒரு கூட்டத்தில் ஒலித்தது.

1851 ஜூலையில் தெரோயின் விடுதலையானார். டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். போலின் ரோலானை மீண்டும் கைது செய்து அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே உடல் நொந்து, விடுவிக்கப்பட்டுத் தம் பிள்ளைகளைப் பார்க்கத் திரும்பும் வழியில், 1852 டிசம்பரில் லியோன் நகரில் இறந்தார். அவருக்கு வயது 47. தெரோயின் அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனுக்குத் தப்பினார். மனநலம் குன்றிய கணவர் அவரோடு வந்து சேராமலே மறைந்தார்.

லண்டனில் அவர் வாழ்ந்தது 40 ஆண்டுகளுக்கு மேல். பூத்தையல் செய்தும் பாடம் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார். பெண்களுக்கான ஆண்டுமலர் ஒன்றை 1852-க்குப் பாரிஸில் வெளியிட்டிருந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் நாடு கடந்த நிலையிலேயே அதைக் கொண்டுவந்தார், அவற்றுள் பிரெஞ்சோடு ஆங்கிலமும் இடம்பெற்றது. அகதிகளாக வந்திருந்த பிரெஞ்சுக் குடும்பங்களின் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியும் திறந்தார். அந்தப் பெற்றோர்களின் கையில் காசில்லை என்பதைத் தம்மைவிட அறிந்தவர் எவருமில்லை என்பதால், கட்டணத்தை மிகக் குறைவாக வைத்தார். அந்தக் குறைந்த கட்டணத்தில் பள்ளி நடக்காமல், மூட வேண்டியதாயிற்று. நாள்பட்ட நோயோடிருந்த ஒரு மகனையும் அவரே பார்த்துக்கொண்டார்.

1870-க்குப் பின் பிரான்சில் மீண்டும் குடியரசு வந்தது. முன்னாள் அரசியல் கைதி என்ற முறையில் அவருக்குச் சிறு ஓய்வூதியம் கிடைத்தது. ஆனாலும் அவர் நாடு திரும்பவில்லை. பாரிஸில் வாக்குரிமைப் போராட்டத்தை ஊபர்தின் ஒக்லேர் என்ற இளம்பெண் புதிதாகத் தொடங்கியிருந்தார். தெரோயின் 'பெண்களின் குரல்' நாளிதழில் எழுதிய அந்த 1848-ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். முதியவரான தெரோயின் அவருக்கும் மற்ற இளைய தலைமுறையினருக்கும் லண்டனிலிருந்து கடிதங்கள் எழுதினார். எண்பது வயதை நெருங்கிய பிறகும் பிரித்தானிய சோசலிசவாதிகளின் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார்.

1894 ஏப்ரல் 2 அன்று லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், 88-ஆம் வயதில் காலமானார். இறுதிச் சடங்கில் அவரைப் பற்றிப் பேசியவர் கவிஞரும் ஓவியரும் சோசலிசவாதியுமான வில்லியம் மோரிஸ். பிரான்சில் ஒரு பெண் முதன்முதலாக வாக்குச்சீட்டைப் பெட்டியில் இட அப்போது இன்னும் 51 ஆண்டுகள் இருந்தன.